மோந்து பாருங்க

மனிதர்களில் கசக்கியார் என்று ஒரு வகை உண்டு. பெயர் நான் வைத்தது. ஆள் உங்களுக்கும் தெரிந்தவர்தான்.

உங்களோடு பேசிக்கொண்டே நடந்து வருவார். வேலியோரம் ஏதாவது பச்சையாகத் தெரிந்தால் பேச்சை நிறுத்துவார், ஓர் இலையைக் கிள்ளுவார், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்குவார், கண்ணை மூடித் தான் ஒரு முறை முகர்வார், பிறகு சாறு ஒட்டிய அந்த விரல்களை நேராக உங்கள் மூக்குக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, "மோந்து பாருங்க" என்பார். முகர்ந்துதான் ஆகவேண்டும். அதுவரை விரல் நகராது.

அடுத்து கேள்வி வரும். "இது இன்னான்னு தெரியுதா?" தெரியும் என்று சொன்னால் அவர் முகம் தொங்கிப்போகும். அதைப் பார்க்கப் பொறுக்காத நல்லவர்கள் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்கு முக்கால் மணி நேரம் தண்டனை.

அவர் எங்கே இருப்பார் என்று கேட்கிறீர்களா? எங்கே இருக்க மாட்டார்? கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் இருப்பார். துக்க வீட்டில், செத்தவருக்கு எந்த இலையைக் கொடுத்திருந்தால் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பார் என்று செத்தவருடைய மனைவியிடமே சொல்லிக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரியில் பார்வை நேரத்தில் எல்லாரும் ஆப்பிளும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு வரும்போது இவர் சட்டைப்பையில் தழையோடு வருவார். அடையாளம் வேண்டுமென்றால் அந்தப் பையைப் பாருங்கள். வெள்ளைச் சட்டையில் அடியில் ஒரு பச்சைக் கறை இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது.

அவர் பேச்சையும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். "இதுல பக்க விளைவே கிடையாது." "இங்கிலீஷ் மருந்து அமுக்கி வெக்கும், இது வேரோட புடுங்கும்." "நான் சொல்லல, பெரியவங்க சொன்னது." எந்தப் பெரியவர், எந்த ஊர், அவர் எதனால் செத்தார் என்று கேட்டால் பதில் வராது. இன்னொரு இலை வரும்.

அவருடைய வைத்தியம் தோற்றதே கிடையாது. எப்படித் தோற்கும்? காய்ச்சல் இறங்கினால் மருந்து வேலை செய்கிறது. காய்ச்சல் ஏறினால் மருந்து நோயை வெளியே தள்ளுகிறது. வாந்தி எடுத்தால் கெட்டது போகிறது, வாந்தி நின்றால் கெட்டது போய்விட்டது. ஆள் எழுந்து நடந்தால் இலையின் மகிமை. எழுந்திருக்காவிட்டால், "கடைசி நேரத்துல வந்து சொன்னா எப்பிடி?"

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் யாருக்கும் உறைக்காது. ஆகவே ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

நைனார்பாளையத்துப் பூமாலைக்கு அறுபத்திரண்டு வயது. நான்கு ஏக்கர் நிலம், பாதி கரும்பு, பாதி மரவள்ளி. இருபத்தாறு வருடம் உரக்கடை நடத்தினார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வயலில் எந்தப் பூச்சி செத்திருந்தாலும் அதில் அவருக்குப் பங்கு உண்டு. கடையை மகன் இளவரசனிடம் விட்டுவிட்டு ஓய்ந்து உட்கார்ந்தார். மறுமாதமே அவருக்கு இயற்கை தெரிய ஆரம்பித்துவிட்டது.

தெரிந்ததும் மகனை அழைத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் புறப்பட்டார். வளைவுகளில் இரண்டு முறை பஸ்ஸை நிறுத்தி வாந்தி எடுத்து, வெள்ளிமலையில் இறங்கி, வாசனை பிடித்துக்கொண்டே நடந்து, ஒரு செடியைக் கண்டார். திருநீற்றுப்பச்சிலை. நம் பக்கத்தில் துன்னூத்துப் பச்சை என்பார்கள். துளசிக்கு ஒன்றுவிட்ட உறவு, வாசனை துளசியைவிடத் தூக்கலாக இருக்கும். அதை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்தார். "மூவாயிரம் அடி ஒசரத்துல, மனுசன் காலே படாத எடத்துல" என்று அன்று தொடங்கியவர் இன்றுவரை நிறுத்தவில்லை. பிடுங்கிய இடம் டீக்கடைக்குப் பின்னால், கண்ணாடி தம்ளர் கழுவிய தண்ணீரைக் கொட்டுகிற மூலை. இளவரசன் சொன்னது.

அங்கே விறகு சுமந்து வந்த பச்சையம்மாள் என்கிற மலைக்காரப் பெண்ணை வழிமறித்து, "இத எதுக்குமா சாப்புடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"இதயா? ஆடு கூட வாய் வெக்காதுங்க. ஈ மொய்க்காம இருக்க கொட்டாயில சொருவி வெப்போம்."

"காய்ச்சல் வந்தா?"

"ஆஸ்பத்திரி அதோ இருக்குதே."

பூமாலை மகன் பக்கம் திரும்பி, "பாத்தியா, ரகசியத்த வாயில இருந்து வர வெக்க முடியாது" என்றாராம்.

பிறகு வளர்ப்பு ஆரம்பமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இலை பறிக்கக் கூடாது, இரும்பு படக் கூடாது, ஆள் நிழல் விழக் கூடாது, பேசிக்கொண்டே பறிக்கக் கூடாது. கடைசி விதியை அவரால் எப்படிக் காப்பாற்ற முடிகிறது என்று கேட்காதீர்கள். பறிப்பது அவர் மனைவி சந்தியா. இத்தனை மடியாக வளர்கிற அந்தச் செடி எதில் நிற்கிறது தெரியுமா? இருபது லிட்டர் பூச்சிமருந்துக் கேனைக் குறுக்கே அறுத்துச் செய்த தொட்டியில். மண்டையோட்டுப் படம் வெளிப்பக்கம் இன்னும் அழியாமல் இருக்கிறது.

செடியின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. விதையை மண்ணில் தூவி, மேலே பொடிமண்ணை லேசாகப் போட்டு, தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் புதராகப் படரும். கிள்ளாமல் விட்டால் கதிர் விட்டு, காய்ந்து, விதை கொட்டி, அடுத்த மழைக்கு நீங்கள் கேட்காமலே கொல்லை முழுக்க நிற்கும். வாசனைக்கு நல்லது. சாதாரணச் சளிக்கு வெந்நீரில் நாலு இலை போட்டு ஆவி பிடித்தால் மூக்கு கொஞ்சம் திறக்கும். அவ்வளவுதான். செடி இதற்கு மேல் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. அதற்காகப் பேச வருகிறவர்தான் தொல்லை.

இனி பூமாலை நுழைந்த வீட்டுக்கு வருவோம்.

கள்ளக்குறிச்சியில் சாதுல்லா பைப்புக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு. அவருடைய தாயார் ஜீனத்துன்னிசாவுக்கு எழுபத்தாறு வயது. இதயம் பலவீனம். குடிக்கிற தண்ணீரை முழுக்க வெளியே தள்ளுகிற சக்தி அதற்கு இல்லை. தங்குகிற நீர் முதலில் காலில் இறங்கும், அப்புறம் நுரையீரலுக்கு ஏறும். ஆகவே தினமும் காலையில் நீர் பிரிகிற மாத்திரை ஒன்று, எடை பார்ப்பது, நாள் முழுவதற்கும் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். மருமகள் ருக்ஷானா பிளாஸ்டிக் ஜக்கில் சிவப்பு நெயில்பாலிஷால் கோடு போட்டு வைத்திருந்தாள். டீ, மோர், ரசம், கஞ்சி எல்லாம் தண்ணீரில் சேரும் என்று நான் சொல்லியிருந்தேன். சொன்னபடி டீ கொடுத்தால் அதே அளவு ஜக்கிலிருந்து கொட்டிவிடுவாள். அப்படிப்பட்ட பெண். இந்த மாதிரி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் முப்பது வருடத்துக்கு மேல் எனக்கு. அந்த வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் போவேன். நடுவில் மணலூர்பேட்டையில் படுத்துவிட்ட ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்ததால் ஒரு வாரம் போகவில்லை.

அந்த ஒரு வாரம் பூமாலைக்குப் போதும்.

சொட்டுநீர்க் குழாய் வாங்க வந்தவர் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார், உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார், மறுநாள் மஞ்சள் பையோடு வந்துவிட்டார். பையில் நிழலில் உலர்த்தி நொறுக்கிய இலை. காலையில் ஒரு சொம்பு கஷாயம், சாயங்காலம் ஒரு சொம்பு, ஏழு நாள். உடம்பு சூடாகிவிடாமல் இருக்க மத்தியானம் ஒரு கிளாஸ் சப்ஜா விதை. போவதற்கு முன் பின்பக்கம் கிணற்றடியையும் பார்த்தார். அங்கே ஜீனத்துன்னிசா பல வருடங்களுக்கு முன் வைத்த ரைஹான் செடி இடுப்பளவு நின்றது. சாதுல்லா வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒரு கொத்து பறித்துக்கொண்டு போய்த் தகப்பனாரை அடக்கம் செய்த கபர் மேல் வைப்பார்.

"இத மொதல்ல புடுங்கிப் போடுங்க பாய். இது சும்மா வாசனச் செடி. இந்தக் காத்து பட்டாலே கபம் ஜாஸ்தியாவும்."

வாசகரே, இங்கே ஒரு விஷயத்தை உங்கள் காதோடு சொல்லிவிடுகிறேன். திருநீற்றுப்பச்சிலையும் ரைஹானும் ஒரே செடி. சப்ஜா அதன் விதை. ஒரே செடியை நைனார்பாளையத்தில் மருந்தாகவும், கள்ளக்குறிச்சியில் விஷமாகவும், அந்த மருந்துக்கு மாற்றாகவும் ஆக்கி, மூன்று வேலை வாங்கியவர் உலகத்திலேயே பூமாலை ஒருவராகத்தான் இருப்பார். மூக்கால் படித்தவர்தானே, ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். கிணற்றடிச் செடியை அவர் கசக்கவே இல்லை. அடுத்தவர் வைத்த செடியில் என்ன இருந்துவிடப் போகிறது?

ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, நான் போனேன். ஜீனத்துன்னிசா கட்டிலில் இல்லை. நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு அடைக்கிறது என்றார். அதைச் சொல்லவே அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"எட எவ்ளோ?"

"மூணு கிலோ ஏறியிருக்குதுங்க நர்சம்மா" என்றாள் ருக்ஷானா. "சத்து புடிக்குதுன்னு பூமாலையண்ணா சொன்னாரு. காலு வீங்குனதுக்கு, கெட்ட நீரு கீழ எறங்குதுன்னாரு."

"மூச்சு வாங்குறதுக்கு?"

"சளி கரையுதாம்."

"தண்ணி எவ்ளோ குடுத்த?"

"கோட்ட தாண்டவே இல்லீங்க. நேத்து கால் ஜக்கு மிச்சம் கூட."

ஜக்கைப் பார்த்தேன். உண்மைதான். பக்கத்தில் ஒரு பெரிய எவர்சில்வர் சொம்பு கவிழ்த்து வைத்திருந்தது.

"இது இன்னா?"

"அது தண்ணி இல்லீங்க. கஷாயம்."

"ஒரு நாளைக்கு எத்தன?"

"ரெண்டு சொம்பு. மதியானத்துல சப்ஜா ஊறவெச்சி ஒரு கிளாஸ்."

"எதுல ஊறவெச்ச?"

ருக்ஷானா சொம்பைப் பார்த்தாள்.

"தண்ணியில" என்றாள்.

டீ தண்ணீர், மோர் தண்ணீர், ரசம் தண்ணீர். கஷாயம் மட்டும் மருந்து. நான் சொன்ன பட்டியலில் மருந்து இல்லை. அது என் தவறு. ஆனால் நோயாளிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவரைப் பார்த்தேன்.

"தாகம்மா" என்றார் ஜீனத்துன்னிசா, மூச்சுக்கு நடுவில். "கசப்புதான். ஆனா ஒரு சொம்பு. யாரும் புடுங்க மாட்டாங்க."

கடையில் இருந்த சாதுல்லாவைக் கூப்பிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், ஆட்டோவுக்குச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஆட்டோக்காரருக்குப் போன் போட்டுவிட்டு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னாலேயே மஞ்சள் பையோடு பூமாலையும் வந்தார். கசக்கியார்களுக்கு நேரம் தவறுவதில்லை.

"பாய், அவசரப்படாதீங்க. ஏழு நாளு முடிஞ்சா தான் முறியும். பாதியில நிறுத்துனா திருப்பிக்கும். வாசல் வரைக்கும் வந்துட்டு எதுக்கு திரும்புறீங்க?"

சொல்லிக்கொண்டே வாசல் வரைக்கும் வந்து, வாசலிலேயே நின்றும்விட்டார்.

"ஐயா, வழிய வுடுங்க" என்றேன்.

"நர்சம்மா, நீங்க படிச்சவங்க. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இங்கிலீஷ் மருந்து அமுக்கி வெக்கும்ங்க, இது..."

"வேரோட புடுங்கும். தெரியும். அந்தம்மாவத்தான் புடுங்கிக்கினு இருக்குது."

சாதுல்லா விவரமானவர். பைப்பைத் தட்டிப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று சொல்வார். அவர் கைப்பேசியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார், பூமாலையைப் பார்த்தார், பிறகு கேட்டார்: "ஒரு நாளு தானே பாக்கி நர்சம்மா. நாளைக்கி பாத்துக்கினு போலாமா?"

முப்பது வருடத்தில் இந்தக் கேள்வியை எத்தனை வீட்டு வாசலில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்கிறவர் யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் கேட்ட வீடுகளில் சிலவற்றில் மறுநாள் பந்தல் போட்டிருந்தார்கள்.

"நாளைக்கி இல்ல. இப்ப" என்றேன். "நெஞ்சுல தண்ணி ஏறிடிச்சி. அந்தம்மா ஒக்காந்த எடத்துல முழுகிக்கினு இருக்காங்க."

பூமாலை தலையை ஆட்டினார். "தண்ணி இல்லீங்க, சளி. இந்தப் பச்சிலைய விட சளிக்கி..."

அப்போது ருக்ஷானா பின்பக்கத்திலிருந்து வந்தாள். எப்போது போனாள் என்று நான் கவனிக்கவில்லை. உள்ளங்கையில் கசக்கிய இலை. நேராக வாசலுக்கு வந்து, கையைப் பூமாலையின் மூக்குக்குக் கீழே நிறுத்தினாள்.

"மோந்து பாருங்கண்ணா."

பழக்கம் யாரை விட்டது? கண்ணை மூடினார். இழுத்து முகர்ந்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"இதாம்மா. பாய், இத மோந்து பாருங்க. மூவாயிரம் அடி ஒசரத்துல இருந்தா தான் இந்த வீரியம் வரும். கீழ வெளையறதுல வரவே வராது. எங்க வூட்டுச் செடியில பச்சையா பறிச்சதா இது?"

"நம்ம கெணத்தடி ரைஹான்ணா. நீங்க புடுங்கிப் போட சொன்னது." ருக்ஷானாவின் குரல் உயரவில்லை. "ஆறு நாளா கொதிக்க வெக்கறேன். ஆறு நாளா இதே வாசன தான் வருது. சொன்னா, கொதிச்சா எல்லா எலயும் ஒன்னு தான்னு இவரு என்னை அடக்கிட்டாரு."

இவர் என்றது கணவரை. சாதுல்லா மனைவியின் கையைக் குனிந்து முகர்ந்தார். வெள்ளிக்கிழமைதோறும் தகப்பனாருக்குக் கொண்டுபோகும் வாசனை. வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் தாயாரை நாற்காலியோடு ஒரு பக்கம் தூக்க, நான் இன்னொரு பக்கம் பிடிக்க, பூமாலை சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்.

வெட்கப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? ஆட்டோ கிளம்பும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "மலக் காத்து இந்தப் பக்கம் தானே அடிக்குது. வெத பறந்து வந்திருக்கும்."

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், நரம்பில் ஊசி போட்டார்கள். மாலைக்குள் இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரிந்தது. அதில் பூமாலையுடையது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மறுநாள் ஜீனத்துன்னிசா இரண்டு தலையணையில் சாய்ந்து படுத்தார். மூன்றாம் நாள் வார்டில் கொடுத்த இட்லி கல்லாக இருக்கிறது என்று திட்டினார். அப்போது எனக்குக் கவலை போய்விட்டது.

அன்று பார்வை நேரத்தில் பூமாலை வந்தார். பிரெட் இல்லை. சட்டைப்பை புடைத்திருந்தது.

"பாத்தீங்களா" என்றார், வார்டு முழுக்கக் கேட்கும்படி. "நம்ம கஷாயம் உள்ளாற வழி பண்ணி வெச்சிருக்குது. அதனால தான் ஊசி கேட்டுச்சி."

பக்கத்துப் படுக்கையில் திருநாவலூர்ப் பெரியநாயகி. அவருக்கும் கால் வீக்கம், அவருக்கும் தண்ணீர் அளவு. அவர் எழுந்து உட்கார்ந்து, "அது இன்னா எலைங்க?" என்று கேட்டார். பூமாலையின் கை பையை நோக்கிப் போயிற்று. கிள்ளினார். கசக்கினார். விரல்கள் இரண்டு படுக்கைகளுக்கும் நடுவில் நீண்டன.

ஜீனத்துன்னிசா ஆக்சிஜன் குழாயைச் சற்று ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "ரைஹானும்மா அது. மோந்து பாரு, நல்லாருக்கும். குடிச்சா அது தண்ணி."

பெரியநாயகி முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

கீழே மருந்துக் கடைக்குப் போனபோது வரிசையில் எனக்கு முன்னால் பூமாலை நின்றார். தன் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதமாதம் வாங்குகிற மாத்திரை. சீட்டு மட்டும் மனைவி சந்தியா பெயரில் இருந்தது. என்னைப் பார்த்ததும் பொட்டலத்தைப் பையில் தழைக்குப் பின்னால் செருகினார்.

"அது வேற, இது வேறங்க" என்றார்.

இப்போது ஜீனத்துன்னிசா வீட்டில் இருக்கிறார். ஜக்கில் கோடு அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் சுவரில் ருக்ஷானா ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: ஈரமானது எல்லாம் தண்ணி. தாகம் தாங்காதபோது உதட்டில் ஈரப் பஞ்சு வைத்து, கையில் ஒரு ரைஹான் இலையைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தாகம் தீராது. கவனம் கொஞ்ச நேரம் வேறு பக்கம் போகும். முகர்வதற்கு அளவு கிடையாது. அந்தச் செடிக்கு அந்த வீட்டில் இதுதான் சரியான வேலை.

நீங்கள் இவ்வளவு நேரம் பூமாலையைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் நடுவில் நான் சளிக்கு ஆவி பிடிப்பதைச் சொன்னபோது, நாலு இலை போதாது, கூட மிளகு தட்டிப் போடவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதா? யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், எத்தனை நாளாக என்று கேட்பதற்கு முன்பே எந்த இலை என்று சொல்லிவிடுகிறீர்களா? இல்லை என்று உடனே தலையாட்டாதீர்கள். பூமாலையும் அப்படித்தான் ஆட்டுவார். சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பதிலும் பயனில்லை. அதிலிருந்த தழையைப் போன வாரமே யாராவது உதறிவிட்டுத் துவைத்துப் போட்டிருப்பார்கள்.

வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து மூக்குக்கு அருகில் கொண்டு போங்கள். யாரும் பார்க்கவில்லை.

மோந்து பாருங்க.